மற்றொரு கையின் ஆட்டம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவையொட்டி அயனம்பாக்கத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பத்தாண்டுகளாகக் கவிதையையும் கதையையும் ஆய்ந்துவரும் ஓர் அவையில் விளையாட்டைப் பற்றிய உரை எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். தமிழ்க் கவிதைக்கு இது புதிய பொருள் அன்று. புறநானூற்றுப் புலவர்கள் களத்தின் அருகே நின்று பாடியவர்கள். வென்றவனுக்கு வாழ்த்துக் கூறிவிட்டு அவர்கள் திரும்பிவிடவில்லை. தோற்றவன் எவ்வாறு தோற்றான் என்பதையும் அளந்து சொன்னார்கள். வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனின் முன்னிலையிலேயே, புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்த சேரனின் பெருமையை எடுத்துரைத்தவர் வெண்ணிக் குயத்தியார் என்னும் பெண்பாற் புலவர். களத்தைப் பற்றிய அந்த நேர்மை இன்றைய எழுத்தில் எந்த அளவுக்கு எஞ்சியிருக்கிறது என்று பார்ப்பதற்கு ஒரு வாழ்வு மிக அருகிலேயே இருக்கிறது. மாற்றுத் திறனாளிகளுக்கான இறகுப்பந்தில் 2022ஆம் ஆண்டு உலக வாகையராக விளங்கிய மனிஷா ராமதாஸின் ஆட்ட வாழ்வே அது.

2005ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் நாள் பிறந்த மனிஷா திருவள்ளூரைச் சேர்ந்தவர். அவரோடு பலமுறை ஒரே அணியிலும், சிலமுறை வலையின் எதிர்ப்பக்கத்திலும் நின்ற துளசிமதி முருகேசன் காஞ்சிபுரத்தைச் சேர்ந்தவர். ஏரிகள் மலிந்த பழைய செங்கல்பட்டு மாவட்டம் 1997 ஜூலை 1ஆம் நாள்தான் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிந்தது. அதுவரை அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி, இந்த அயனம்பாக்கம் ஆகிய எல்லாமே அவ்விரு ஊர்களோடு ஒரே மாவட்டத்தில் இருந்தவை. ஆகவே இவ்விருவரின் வரலாறு இவ்வட்டாரத்தாருக்கு அயலூர்ச் செய்தி ஆகாது. உலகின் மறுகோடியில் இவ்விருவரும் எதிரெதிரே நின்ற ஒரு நாளை நோக்கியே இவ்வுரை செல்கிறது. அந்நாளை விளங்கிக்கொள்ள முதலில் ஆட்டத்தை விளங்கிக்கொள்ள வேண்டும்.

தமிழில் இதன் பெயர் இறகுப்பந்து. பூப்பந்து என்பது வேறு. அது கம்பளி நூலால் ஆன மஞ்சள் பந்தைக் கொண்டு பக்கத்திற்கு ஐவராக நின்று ஆடப்படுவது, தஞ்சை மண்ணோடு தொடர்புடையது. செய்தி எழுதுவோர் இரண்டையும் மாற்றி எழுதிவிடுவது உண்டு. இறகுப்பந்தில் பதினாறு இறகுகள் உள்ளன. அதன் எடை ஏறத்தாழ ஐந்து கிராம். அப்பதினாறு இறகுகளையும் பறவையின் ஒரே பக்கச் சிறகிலிருந்தே தேர்ந்து கோப்பார்கள். வலச்சிறகின் இறகையும் இடச்சிறகின் இறகையும் கலந்து கோத்தால் சுழற்சி கெட்டுப் பந்து தடுமாறும். பறவைக்குப் பறக்க இரு சிறகுகள் வேண்டும். இந்தப் பந்துக்கு ஒன்றே போதும், ஒன்றுதான் ஆகும்.

மனிஷாவின் வலக்கை பிறப்பின்போதே பாதிக்கப்பட்டது. கழுத்திலிருந்து தோள்வழியாகக் கைக்கு இறங்கும் நரம்புக் கற்றை ஒன்று உண்டு. பேற்றின்போது குழந்தையின் தோள் சிக்கிக்கொண்டால் அக்கற்றை இழுபட்டு ஊறு நேர்வதுண்டு. அதனால் தோளும் முழங்கையும் தம் வலிமையை இழக்கும். கை முழுமையாக உயராது, முழுமையாக மடங்காது. இந்நிலைக்கு வில்ஹெல்ம் எர்ப் என்னும் செருமானிய மருத்துவரின் பெயரால் எர்ப் வாதம் என்று பெயர் வழங்குகிறது. மனிஷா இடக்கையில் மட்டையைப் பிடித்தார்.

இதைக் கேட்டவுடன், ஒரு கையால் ஆடும் ஆட்டத்திற்கு ஒரு கை போதாதா என்று தோன்றும். பார்வையாளர் பலரின் கணக்கு இதுதான். ஆனால் களத்தில் நிற்பவர் அறிந்த கணக்கு வேறு. பின்கோட்டுக்குப் பாய்ந்து, உடலை வில்லாக வளைத்து, தலைக்கு மேல் வரும் பந்தை அறையும் ஆட்டக்காரரைக் கூர்ந்து நோக்கினால் மட்டையில்லாத கை சும்மா இருப்பதில்லை என்பது தெரியும். அது முதலில் மேலே உயர்ந்து பந்தைச் சுட்டுகிறது, தோளைத் திருப்புகிறது, அறையும் கணத்தில் கீழிறங்கி உடலின் சமநிலையைக் காக்கிறது, தரையில் கால் பதிந்தபின் அடுத்த அடிக்கு உடலை மீட்டுத் தருகிறது. ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் எறிதலில் பந்தை விரல்நுனியில் பிடித்துக் குறிப்பிட்ட உயரத்தில் விடுவதும் அந்தக் கைதான். தராசின் ஒரு தட்டில் மட்டை இருக்கிறது என்றால் மறுதட்டில் இருப்பது அந்த வெறுங்கை.

அந்தக் கை சொற்படி கேளாத ஒருவர் அதன் வேலையை வேறெங்கேனும் ஒப்படைத்தாக வேண்டும். கால் சற்று முன்னதாக நகர வேண்டும். இடுப்பு சற்று அதிகமாகத் திரும்ப வேண்டும். பந்து எங்கே வரும் என்பதைக் கண் அரைக்கணம் முந்தி அறிய வேண்டும். இவ்வாறு உடல் தனக்குள்ளேயே வேலையைப் பங்கிட்டுக்கொள்வது ஓரிரு மாதங்களில் கைகூடுவதன்று. மனிஷாவின் ஆட்டத்தில் விரைவு என்று புகழப்படுவது பெரும்பாலும் இந்தப் பங்கீடே. துளசிமதிக்கோ பிறவியிலேயே இடக்கையில் குறை. அவர் வலக்கையால் ஆடுபவர். இருவரும் வலையின் இருபுறமும் நிற்கையில் ஆடியின் முன் நிற்கும் உருவும் அதன் நிழலும் போலத் தோன்றும். ஒருவர் மட்டை பிடிக்கும் பக்கமே மற்றவருக்கும் மட்டை பிடிக்கும் பக்கமாக எதிர்நிற்கிறது.

இவ்வகையினருக்குப் போட்டி விதிகளில் எஸ்.யூ.5 என்று பெயர். நின்று ஆடுவோருள் கையில் குறையுடையோர் பிரிவு. சக்கர நாற்காலியில் ஆடுவோருக்கு இரு பிரிவுகள், காலில் குறையுடையோருக்கு எஸ்.எல்.3, எஸ்.எல்.4 என இரு பிரிவுகள், உயரம் குறைந்தோருக்கு எஸ்.எச்.6 எனத் தனிப்பிரிவு. சக்கர நாற்காலிப் பிரிவுகளிலும் எஸ்.எல்.3 பிரிவிலும் ஒற்றையர் ஆட்டம் பாதிக் களத்தில் நடைபெறும். எஸ்.யூ.5 பிரிவில் அந்தச் சலுகை இல்லை. 13.40 மீட்டர் நீளம், 5.18 மீட்டர் அகலம், நடுவில் 1.524 மீட்டர் உயர வலை என, ஒலிம்பிக் ஆட்டக்காரருக்கு உள்ள அளவே இவர்களுக்கும். மூன்று ஆட்டங்களில் இரண்டை வெல்ல வேண்டும். ஓர் ஆட்டத்திற்கு 21 புள்ளி. 20-20 என்று சமநிலை வந்தால் இரண்டு புள்ளி முன்னிலை பெறும்வரை ஆட்டம் நீளும். இந்தக் கடைசி விதி பின்னர் தேவைப்படும்.

மனிஷா பன்னாட்டுக் களத்தில் நுழைந்தது 2022ஆம் ஆண்டில். இந்திய அணியின் தலைமைப் பயிற்சியாளர் கௌரவ் கன்னாவின் பயிற்சிக்களம் லக்னோவில் உள்ளது. திருவள்ளூர்ப் பெண் அங்கே சென்று பயின்றார். அவ்வாண்டு அவர் ஸ்பெயினிலும் பிரேசிலிலும் பஹ்ரைனிலும் கனடாவிலும் பதக்கங்களை வென்றார். தம் பிரிவின் உலகத் தரவரிசையில் முதலிடத்தை எட்டினார். நவம்பரில் டோக்கியோவில் உலக வாகையர் போட்டி நடந்தது. பெண்கள் ஒற்றையர் இறுதியில் எதிர்நின்றவர் அந்நாட்டுக்காரரான மாமிகோ தோயோதா. 21-15, 21-15 என்று நேராக இரண்டு ஆட்டங்களில் மனிஷா வென்றார். வயது 17. மந்தீப் கௌருடன் இணைந்து இரட்டையரில் வெண்கலமும் பெற்றார். டிசம்பரில் உலக இறகுப்பந்துக் கூட்டமைப்பு அவரை அவ்வாண்டின் சிறந்த மாற்றுத்திறன் வீராங்கனையாகத் தேர்ந்தெடுத்தது. நுழைந்த ஆண்டிலேயே உச்சி.

வரலாறு இங்கே முடிந்திருந்தால் அது ஒரு வாழ்த்துப்பாவுக்குரிய பொருளாக மட்டுமே நின்றிருக்கும். உச்சியை அடைந்தவரின் உண்மையான வரலாறு அதன் பிறகுதான் தொடங்குகிறது. அறியப்படாத ஆட்டக்காரரை எதிர்கொள்வது கடினம். அறியப்பட்டவரின் ஒவ்வோர் அசைவும் ஒளிப்படமாகப் பதிந்து, எதிராளிகளின் பயிற்சிக்கூடங்களில் ஆராயப்படும். 2023 அக்டோபரில் சீனத்தின் ஹாங்சோ நகரில் மாற்றுத் திறனாளிகளுக்கான ஆசிய விளையாட்டுகள் நடந்தன. பெண்கள் ஒற்றையர் எஸ்.யூ.5 பிரிவில் பொன் வென்றவர் துளசிமதி. டோக்கியோ பாராலிம்பிக்கில் பொன் வென்றிருந்த சீன வீராங்கனை யாங் சியுசியாவை அவருடைய நாட்டிலேயே 21-19, 21-19 என்று வீழ்த்தினார். மனிஷாவுக்கு அதே பிரிவில் வெண்கலம். ஓராண்டுக்கு முன் உலக வாகையராக நின்றவர் மேடையின் கீழ்ப்படியில் நின்றார். மேற்படியில் நின்றவர் பக்கத்து மாவட்டத்துக்காரர். தந்தையின் பயிற்சியில் ஆட்டத்தைத் தொடங்கி, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பயின்றுகொண்டே இந்த உயரத்தை எட்டியவர் துளசிமதி.

அடுத்த ஆண்டு பாரிஸ். 2024 பாராலிம்பிக்கின் இறகுப்பந்துப் போட்டிகள் அந்நகரின் வடகோடியில் போர்த் தெ லா சப்பல் அரங்கில் நடைபெற்றன. லா சப்பல் என்னும் பெயரைப் புலம்பெயர்ந்த தமிழர் அறிவர். அந்த அரங்கிற்குச் சற்றுத் தெற்கே, கார் து நோர் தொடர்வண்டி நிலையத்தை ஒட்டிய தெருக்களில்தான் ஈழத்தமிழரின் மளிகைக் கடைகளும் புடவைக் கடைகளும் தமிழ்ப் பெயர்ப்பலகைகளோடு வரிசையாக நிற்கின்றன. போரினால் மண்ணிழந்து வந்தவர்கள் ஒரு தெருவைத் தமுடையதாக்கிக்கொண்ட அந்த ஊரில், செங்கற்பட்டு மண்ணின் இரு பெண்கள் ஒரு களத்தைத் தமுடையதாக்கிக்கொண்டனர். 2024 செப்டம்பர் 1ஆம் நாள் நடந்த அரையிறுதியில் மனிஷாவும் துளசிமதியும் எதிரெதிரே நின்றார்கள்.

இந்த இடத்தில் கோவூர் கிழாரை நினைக்காமல் இருக்க முடியாது. நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் போருக்கு நின்றபோது, இருவரும் சூடியிருப்பது ஒரே ஆத்திமாலை என்பதைச் சுட்டிக்காட்டி, எவர் தோற்றாலும் தோற்பது ஒரே குடிதான் என்று அவர்களைத் தடுத்தவர் அவர். அன்றைக்கு அந்த அரங்கில் இருவரும் அணிந்திருந்ததும் ஒரே கொடியின் சட்டை. ஆயினும் ஆட்டக்களத்தில் கோவூர் கிழாரின் அறிவுரை செல்லாது. போரில் விலகி நிற்பது அறமாகலாம். ஆட்டத்தில் எதிராளிக்காக ஒரு புள்ளியை விட்டுக்கொடுப்பது அவரைச் சிறுமைப்படுத்துவதாகும். அவர்கள் அறிந்த அறம் முழுமூச்சாக ஆடுவது ஒன்றே.

முதல் ஆட்டம் 20-20ஐத் தொட்டது. அதையும் தாண்டி 21-21 ஆயிற்று. இருபத்தொன்றைத் தொட்டும் வெற்றி கைக்கு வராத நிலை இருவருக்கும். அதன்பின் தொடர்ந்து இரண்டு புள்ளிகள் துளசிமதிக்கு வந்தன. 23-21. இரண்டாம் ஆட்டம் 21-17. துளசிமதி இறுதிக்குச் சென்றார். மனிஷாவின் பொற்கனவு அங்கே முடிந்தது. அவரைத் தோற்கடித்தது சீனமோ சப்பானோ அன்று, ஒரே அணியின் தோழி. வெளிநாட்டாரிடம் தோற்றவருக்கு நாடே ஆறுதல் கூறும். தோழியிடம் தோற்றவருக்கு அந்த ஆறுதலும் இல்லை. நாடு அப்போது மகிழ்ந்துகொண்டிருக்கும். வென்ற தோழிக்காகத் தாமும் மகிழ வேண்டும்; தம் இழப்பைத் தாமே தனியே சுமக்கவும் வேண்டும். இந்த நிலைக்கு இன்னும் ஒரு கவிதை எழுதப்படவில்லை என்றால், அது பொருள் இல்லாத குறையன்று.

மறுநாள் செப்டம்பர் 2. வெண்கலத்திற்கான ஆட்டம். அரையிறுதியில் தோற்றவர்க்கு இதைவிடக் கொடிய நேரம் வேறில்லை என்பர் விளையாட்டை அறிந்தோர். உடல் களைத்திருக்கும், உள்ளம் முந்தைய நாளின் 21-21இலேயே நின்றிருக்கும், எதிரில் ஏதும் இழக்கப்போவதில்லை என்ற துணிவுடன் ஒருவர் நிற்பார். மனிஷாவின் எதிரில் நின்றவர் டென்மார்க்கின் காத்ரின் ரோசன்கிரேன். ஆட்டம் 21-12, 21-8 என்று முடிந்தது. இரண்டாம் ஆட்டத்தில் எதிராளி பத்துப் புள்ளியைக்கூட எட்டவில்லை. டோக்கியோவின் 21-15, 21-15ஐக் காட்டிலும் மனிஷாவின் ஆட்ட வாழ்வை அறிய உதவும் எண்கள் இவை. அவரை உலகம் அறியாதிருந்த ஆண்டில் கிடைத்தது அந்த வெற்றி. எல்லாரும் அறிந்த ஆண்டில், தோற்ற மறுநாள் கிடைத்தது இந்த வெற்றி.

அதே நாளில் இறுதி ஆட்டத்தில் துளசிமதி 17-21, 10-21 என யாங் சியுசியாவிடம் தோற்று வெள்ளி பெற்றார். ஹாங்சோவில் வீழ்ந்தவர் பாரிஸில் எழுந்து தம் பாராலிம்பிக் பொன்னைக் காத்துக்கொண்டார். டோக்கியோவில் மனிஷா, ஹாங்சோவில் துளசிமதி, பாரிஸில் யாங். மூன்று ஆண்டுகள், மூன்று களங்கள், மூன்று வெற்றியாளர்கள். எவரும் நிலையாக வெல்லவில்லை. எவரும் நிலையாகத் தோற்கவுமில்லை. உண்மையான போட்டி உள்ள ஆட்டத்தின் அடையாளம் இதுவே.

இனி எழுத்துக்கு வரலாம். இத்தகையோரைப் பற்றித் தமிழில் எழுதப்படுபவை பெரும்பாலும் இரண்டு வகைப்படும். முதல்வகை இரக்கம்: கையில்லாவிட்டால் என்ன, நம்பிக்கை இருக்கிறதே என்று தொடங்கிக் கண்ணீரில் முடிவது. இரண்டாம் வகை வியப்பு: ஊனத்தை வென்ற உத்தமி என்று உயர்த்தி, எட்டாத பீடத்தில் அமர்த்திவிடுவது. இரண்டிலும் ஆட்டம் இல்லை. எதிராளி யார், புள்ளி எவ்வளவு, எந்த அடி தவறியது, தவறியபின் என்ன செய்தார் என்னும் எதுவும் இல்லை. மனிஷாவை வெல்லச் செய்தது நம்பிக்கை என்றால், அதே பொழுதில் துளசிமதியிடம் அவர் தோற்றது நம்பிக்கை குறைந்ததாலா? இருவருக்கும் கையில் குறை உண்டு. இருவருக்கும் நம்பிக்கை உண்டு. ஒருவர் வென்றார், ஒருவர் தோற்றார். இந்த எளிய உண்மைக்கு முன் இரக்கமும் வியப்பும் பேச்சிழந்து நிற்கின்றன. விளக்கம் களத்தில்தான் இருக்கிறது: கால் நகர்ந்த விதத்தில், பந்து வலையைக் கடந்த உயரத்தில்.

சொற்கள் மாறிவிட்டன என்பது மெய். 2010ஆம் ஆண்டில் தமிழக அரசு மாற்றுத் திறனாளி என்னும் சொல்லை ஆட்சி வழக்கிற்குக் கொண்டுவந்தது. பழைய சொற்கள் மேடையிலிருந்து மெல்ல இறங்கின. அது நற்செயல். ஆயினும் சொல்லை மாற்றி எழுதியபின்னும் வாக்கியம் பழைய இரக்கத்தையே சுமந்து சென்றால் மாற்றம் பெயர்ப்பலகையோடு நின்றுவிடும். வாக்கியத்தை மாற்றும் பொறுப்பு அரசாணைக்கு உரியதன்று. அது இந்த அவையில் அமர்ந்திருப்போருக்கு உரியது.

ஆட்டத்தை நேர்மையோடு நோக்கினால் இரக்கம் காணத் தவறும் வேறொன்றும் தெரியவரும். திறமை மட்டும் போதாது, கதவும் திறந்திருக்க வேண்டும். இறகுப்பந்து பாராலிம்பிக்கில் முதன்முதல் இடம்பெற்றதே 2021இல் நடந்த டோக்கியோ போட்டியில்தான். அப்போது 14 பிரிவுகள்; உயரம் குறைந்த பெண்களுக்கான ஒற்றையர் அவற்றில் இல்லை. 2019இல் உலக வாகையராகியிருந்த மானசி ஜோஷியின் எஸ்.எல்.3 பெண்கள் ஒற்றையரும் இல்லை. பாரிஸில் 16 பிரிவுகள் ஆயின. இரு கதவுகளும் திறந்தன. திறந்த கதவின் வழியே ஓசூரைச் சேர்ந்த நித்யஸ்ரீ சிவன் உள்ளே சென்று, இந்தோனேசியாவின் ரினா மர்லினாவை 21-14, 21-6 என வென்று வெண்கலம் கொணர்ந்தார். அந்தப் பிரிவு சேர்க்கப்படாமலே போயிருந்தால் எந்த நம்பிக்கையும் அவரை அந்த மேடையில் ஏற்றியிருக்காது. பாரிஸில் இந்தியா இறகுப்பந்தில் பெற்ற ஐந்து பதக்கங்களுள் மூன்று தமிழகப் பெண்களுடையவை.

பாராட்டுகளும் வந்தன. தமிழக அரசு துளசிமதிக்கு 2 கோடி ரூபாயும், மனிஷா, நித்யஸ்ரீ ஆகியோருக்குத் தலா 1 கோடி ரூபாயும் வழங்கியது. 2025 ஜனவரி 17ஆம் நாள் குடியரசுத் தலைவர் மாளிகையில் மூவரும் அருச்சுனா விருது பெற்றனர். இவை வேண்டியவையே. ஆனால் வென்றபின் வரும் பொருளுக்கும், வெல்வதற்கு முன் வேண்டிய களத்திற்கும் உள்ள தொலைவு பெரிது. இந்த ஏரிக்கரைத் தெருக்களில் ஒரு கை உயராத சிறுமி ஒருத்தி இன்று இருக்கக்கூடும். மட்டையை இன்னொரு கையில் பிடித்துப் பார் என்று அவளிடம் சொல்ல ஒருவர் வேண்டும். மேற்கூரையும் விளக்கும் உள்ள ஓர் அரங்கு நடக்கும் தொலைவில் வேண்டும். பள்ளியின் விளையாட்டு நேரத்தில் அவளை ஓரமாக உட்காரவைக்காத ஓர் ஆசிரியர் வேண்டும். அவள் வாகையராக வேண்டும் என்பதில்லை. ஆடித் தோற்கும் உரிமை அவளுக்கும் வேண்டும்.

கவிஞர் பெருமக்களே! மனிஷாவைப் பாட விரும்புவோர் டோக்கியோவின் மேடையைப் பாடலாம்; அது எளிது. செப்டம்பர் முதல்நாள் இரவுக்கும் மறுநாள் ஆட்டத்திற்கும் இடைப்பட்ட பொழுதைப் பாடுவது கடினம். தோழியிடம் தோற்ற பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, காலையில் எழுந்து, காலணி நாடாவை இறுக்கி, சொற்படி கேளாத கையையும் கேட்கும் கையையும் ஒருசேர எடுத்துக்கொண்டு மீண்டும் அதே அரங்கிற்குள் நுழைகிறாள். பந்தை விரல்நுனியில் பிடிக்கிறாள். ஆட்டம் தொடங்குகிறது. அங்கிருந்து ஒரு கவிதையும் தொடங்கலாம்.

பத்தாண்டு கண்ட இவ்வட்டம் நூறாண்டு காண்க.